ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நெரிசலில் கொதிக்கிறது, நின்றும்விடுகிறது: ரேடியேட்டர், விசிறி, பெட்ரோல் குழாய் மாற்றலாமா?

காலடிப்பேட்டை ஹெரால்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை வைத்திருந்த 1967-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்னிடம் இருக்கிறது. இரண்டு கதவு, 948 சிசி எஞ்சின், வண்டலூர் தொழிற்சாலையில் உருவான வண்டி. எஞ்சின் வேலையும் பெயின்ட் வேலையும் முடிந்துவிட்டன. விடியற்காலையில் எண்ணூர் விரைவுச்சாலையில் ஓட்டினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெயில் ஏறியபின் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கிக்கொண்டால் வெப்பமானி முள் மேலே மேலே போகிறது. சில நாட்களில் முள் நடுவில் இருக்கும்போதே எஞ்சின் திக்கித் திணறி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது.

ஒரு பட்டறையில் காட்டினேன். அலுமினிய ரேடியேட்டர், இரண்டு மின்விசிறி, புதிய காரிலிருந்து கழற்றிய மின்சாரப் பெட்ரோல் பம்பு என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். வண்டியை வெட்டி ஒட்ட எனக்கு மனமில்லை. ஆனால் இதைக் கொட்டகையில் பூட்டிவைக்கும் எண்ணமும் இல்லை. அம்மாவை உட்காரவைத்து வண்டலூர் வரை பகலில் ஓட்டிப் போக வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பெரம்பூர் கடைசல் எழுதியது:

தம்பி, இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முள் ஏறுவது தண்ணீர் சம்பந்தப்பட்டது. முள் நடுவில் இருக்கும்போதே நிற்பது பெரும்பாலும் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாவதால் வருவது. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதைத் தீர்க்காது. பட்டியலில் உள்ள எதையும் வாங்குவதற்கு முன் இவற்றைச் சொல்லுங்கள்: தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறியபின் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு) உள்ளே இருக்கிறதா? ரேடியேட்டர் எப்போது பிரிக்கப்பட்டது? என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறது?

காலடிப்பேட்டை ஹெரால்டு எழுதியது:

ஐயா, தெர்மோஸ்டாட் இல்லை; எங்கள் ஊருக்குத் தேவையில்லை என்று முன்பே யாரோ கழற்றியிருக்கிறார்கள். ரேடியேட்டர் வெளியே சுத்தம் செய்து கறுப்புப் பெயின்ட் அடித்தது, உள்ளே பிரிக்கவில்லை. தண்ணீர் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கிறது.

தண்டையார்பேட்டை ரேடியேட்டர் எழுதியது:

நான் ரேடியேட்டர் வேலை செய்பவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கிணற்றுத் தண்ணீரை நிறுத்துங்கள். மீஞ்சூர் பக்கம் பல பத்தாண்டுகளாகக் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறியிருக்கிறது. திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து வண்டிகளின் ரேடியேட்டரைப் பிரித்தாலே தெரியும். குழாய்களுக்குள் வெள்ளைப் படிவம் கல்லாக இறுகியிருக்கும். எஞ்சினின் இரும்புத் துரு செம்மண் குழம்பாக அடியில் தங்கியிருக்கும். படிவம் வெப்பத்தைக் கடத்தாது. தகடு மெல்லியதாக இருந்தாலும் அதன் உள்ளே ஓர் ஓடு படிந்துவிட்டால் எந்த விசிறி வைத்தும் பயனில்லை.

நீங்களே சோதிக்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் கைவெப்பமானியால் ரேடியேட்டரின் முகப்பை வரிசை வரிசையாகப் பாருங்கள். மேலிருந்து கீழே சீராகக் குறைந்துகொண்டு வர வேண்டும். நடுவில் திடீரென்று குளிர்ந்த திட்டு தெரிந்தால் அந்த இடத்துக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள். பெயின்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை: தகடுகளுக்கு இடையே தடிமனாக அடித்த பெயின்ட்டும் வெப்பத்தைத் தடுக்கும். மெல்லிய ஒரு பூச்சு போதும்.

ரேடியேட்டர் மட்டும் போதாது, எஞ்சின் பிளாக்கையும் பாருங்கள். இத்தனை வயதான எஞ்சின்களில் சேறு கடைசி சிலிண்டரைச் சுற்றித்தான் தங்கும். வடிகால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராமல் இருந்தால் கம்பி விட்டுக் குத்துங்கள். தேவைப்பட்டால் பக்கத்தில் உள்ள அடைப்பு மூடிகளைக் கழற்றிச் சுரண்டி எடுங்கள். பிறகு ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தண்ணீர் பீய்ச்சுங்கள். எஞ்சின் வேலை முடிந்ததாகச் சொல்கிறீர்கள். பிஸ்டனும் வால்வும் பார்த்திருப்பார்கள். தண்ணீர் அறையைச் சுரண்டினார்களா என்று கேட்டுப்பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். அது இல்லாவிட்டால் வண்டி குளிர்ச்சியாக ஓடும் என்பது தவறான நம்பிக்கை. அதன் தடையினால்தான் பிளாக்குக்குள் தண்ணீர்ப் பம்பு அழுத்தத்தை உண்டாக்குகிறது. அந்த அழுத்தம்தான் வால்வுகளைச் சுற்றி உள்ள சூடான இடங்களில் ஆவிக்குமிழி வராமல் காக்கிறது. 82 டிகிரிக்குப் பதில் 74 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் குறையும் என்றும் சொல்வார்கள். அது எந்த அளவில் திறக்கத் தொடங்கும் என்பது மட்டுமே மாறும். முழுதும் திறந்தபின் இரண்டும் ஒன்றுதான்.

மூடி. அந்தக் காலத்து வண்டிகளின் ரேடியேட்டருக்கு 4 முதல் 7 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) மூடிதான். 7 பி.எஸ்.ஐ. மூடி சரியாகப் பிடித்தால் தண்ணீர் சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் வளையம் காய்ந்துபோயிருந்தால் 100-லேயே பொங்கிவிடும். 13 பி.எஸ்.ஐ. போட்டால் 118 வரை தாங்குமே என்று ஆசைப்படாதீர்கள். பழைய ஈயப் பற்றுகளும் ஹீட்டர் இணைப்புகளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

கொடுங்கையூர் அம்பாசிடர் எழுதியது:

ஹெரால்டுக்கு இன்னொன்று உண்டு, எல்லோரும் மறந்துவிடுவார்கள். கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இரண்டு பக்கமும் அட்டைத் தடுப்புகள் இருக்கும். முன்னால் நுழையும் காற்று பக்கவாட்டில் நழுவிப்போகாமல் ரேடியேட்டர் வழியாகவே போக வேண்டும் என்பதற்காக வைத்தவை. பெயின்ட் வேலை நடந்த வண்டிகளில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். மெல்லிய அலுமினியத் தகட்டில் வெட்டி, ஓரத்தில் ரப்பர் பட்டை வைத்துப் பொருத்தினால் நன்றாக இருக்கும். முன்பக்கம் முழுவதும் பானெட்டோடு தூக்கித் திறக்கும் வண்டி என்பதால் வேலை எளிது.

மணலி பைப்லைன் எழுதியது:

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன். ஆனாலும் மின்விசிறி வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எஞ்சினோடு சுற்றும் விசிறி, வண்டி நிற்கும்போது மெதுவாகச் சுற்றுகிறது. நெரிசலில் காற்று தேவைப்படும் நேரத்தில்தான் அது காற்று தருவதில்லை. 1960-களில் சென்னையில் இந்தக் கார் நகரும் காராக இருந்தது. இன்று மணிக்கணக்கில் நிற்கும் காராக இருக்கிறது. இன்றைய சாலைக்கு ஏற்பச் செய்யாவிட்டால் நாம் சொல்லும் பாதுகாப்பு, வண்டியைக் கண்ணாடிக்குள் வைப்பதில்தான் முடியும். அலுமினிய ரேடியேட்டரையும் ஒதுக்க வேண்டாம். எடை குறைவு, அகலமான குழாய்கள், ஈயப் பற்று இல்லை.

கொடுங்கையூர் அம்பாசிடர் எழுதியது:

தம்பி, மின்விசிறி நல்லதுதான். அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று பாருங்கள். அவருடைய வண்டியில் இருப்பது டைனமோ, பழைய வகை மின்னாக்கி. அந்த வகை டைனமோ முழு வேகத்தில் சுமார் 20 ஆம்பியர் தரும். எஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. சிறிய விசிறியே 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். முகப்பு விளக்கு இரண்டும் அதே அளவு. மாலை நெரிசலில் விளக்கையும் போட்டு விசிறியையும் போட்டால் எல்லாம் பேட்டரியிலிருந்துதான் போகும். மூலக்கடை தாண்டுவதற்குள் ஹாரன் அடங்கிவிடும். விசிறி வைப்பதென்றால் முதலில் ஆல்டர்னேட்டருக்கு, அதாவது மெதுவாக ஓடும்போதும் மின்சாரம் தரும் புதிய வகை மின்னாக்கிக்கு, மாற வேண்டும்.

நேர்முனை உடலோடு இணைந்திருப்பதும் இங்கே முக்கியம். புதிய காரின் விசிறியை அப்படியே இணைத்தால் எதிர்த்திசையில் சுற்றும். காற்று வருகிறதே என்று விட்டுவிடுவார்கள். கைக்குட்டையை முன்னால் பிடித்துப் பார்த்தால்தான் திசை தெரியும். விசிறியின் கம்பிகளை மாற்றி இணைத்துவிடலாம். எலக்ட்ரானிக் இக்னிஷனோ புதிய வகைப் பம்போ அப்படி மன்னிக்காது, தவறான முனையில் இணைத்த அக்கணமே கருகிவிடும். ஆல்டர்னேட்டர் வைக்கும்போது வண்டி முழுவதையும் எதிர்முனை இணைப்புக்கு மாற்றியாக வேண்டும். ரிலே, தனி ஃபியூஸ், தடித்த கம்பி இல்லாமல் விசிறியை பழைய சுவிட்சில் தொங்கவிடவே கூடாது.

தண்டையார்பேட்டை ரேடியேட்டர் எழுதியது:

அலுமினியத்தைப் பற்றி மணலி நண்பர் சொன்னது தொழில்நுட்பமாகச் சரி. எடையும் குழாய் அகலமும் உண்மைதான். ஆனால் நம் பகுதிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வழியில் தண்ணீர் குறைந்தால் யாராவது ஒரு குடம் உப்புத் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். குளோரைடு அலுமினியத்தைப் புள்ளிப் புள்ளியாக அரிக்கும். எர்த் இணைப்பு சரியில்லாத பழைய வண்டியில் கசியும் மின்சாரமும் அதே வேலையைச் செய்யும். செம்பு, பித்தளை ரேடியேட்டரில் ஓட்டை விழுந்தால் நான் அரை நாளில் ஈயம் வைத்துத் தருவேன். அலுமினியத்துக்கு அந்த வசதி ஒவ்வொரு தெருவிலும் இல்லை.

என் கருத்து: மேல் தொட்டி, கீழ்த் தொட்டி, பக்கச் சட்டம் மூன்றும் பழையவையாகவே இருக்கட்டும். நடுவில் உள்ள வலைப்பகுதியை மட்டும் புதிதாகப் போடுங்கள். இடம் இருந்தால் குழாய் வரிசை ஒன்று கூடுதலாக. வெளியே பார்த்தால் யாருக்கும் தெரியாது. விசிறியைச் சுற்றி ஓர் உறையும் செய்துவிடுங்கள். உறை இல்லாத விசிறி, சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். இறக்கையின் பாதி அகலம் உறைக்குள் இருக்க வேண்டும், முனைக்கும் உறைக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளில் ஆடும் என்பதை மறக்காதீர்கள்.

கூலன்ட் 30 விழுக்காடு, காய்ச்சி வடித்த தண்ணீர் 70 விழுக்காடு. நமக்குப் பனி உறைவதில்லை. கூலன்ட் நமக்கு வேண்டியது துருவைத் தடுக்கத்தான். வெப்பத்தை எடுத்துச் செல்வதில் தண்ணீருக்கு நிகர் அதுவல்ல, அதனால் பாதிக்குப் பாதி ஊற்ற வேண்டிய தேவை இல்லை.

மணலி பைப்லைன் எழுதியது:

உப்புத் தண்ணீர் வாதத்தை ஏற்கிறேன். செம்பே இருக்கட்டும். ஆல்டர்னேட்டர் வந்தபின் மின்விசிறி என்பதில் என் நிலை மாறவில்லை.

இனி பெட்ரோல். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் வண்டி கொதித்தால் சாலையோரம் நிற்போம், பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும். நாட்டில் விற்கும் பெட்ரோலில் 2022-இல் எத்தனால் 10 விழுக்காட்டை எட்டியது, 2023 முதல் 20 விழுக்காட்டுக் கலவை வரத் தொடங்கியது. 1950-களில் இந்தக் காரை வடிவமைத்தவர்கள் எண்ணிப்பார்க்காத எரிபொருள் இது. பழைய ரப்பர் குழாய் உப்பி, மெதுவாகி, உள்ளே உரியும். கார்க் காஸ்கெட் சுருங்கும். பம்பின் உள்ளே இருக்கும் சவ்வு கெட்டிப்பட்டு விரிசல் விடும். ஹெரால்டில் கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) புகைக் குழாய்ப் பக்கமே இருக்கிறது. உள்ளிழு குழாயும் புகைக் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில்தான். கசியும் ஒரு துளி எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குழாய் வாங்கும்போது மேலே எஃகுப் பின்னல் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். உள்சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9 என்ற தரக் குறியைக் குழாயின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். அதன் உள்சுவர் ஃப்ளோரோ ரப்பர், எத்தனாலைத் தாங்கும். அச்சு இல்லாத குழாயைப் பின்னலைப் பார்த்து நம்பி வாங்கினால், உள்ளே கிழிந்தது வெளியே தெரியாது. கிளிப் விஷயத்திலும் கவனம்: திருகு ஓடும் பள்ளம் குத்தப்பட்ட கிளிப் சிறிய குழாயைக் கடித்துக் கிழிக்கும். முழு வளையமாக இறுக்கும் சிறிய கிளிப்பைக் கேளுங்கள். பம்பு சவ்வும் ஊசி வால்வு முனையும் அதே ஃப்ளோரோ ரப்பரில் இருக்க வேண்டும்.

அந்தப் பட்டறை சொன்ன புதிய காரின் மின்சாரப் பம்பை, அதாவது இன்ஜெக்ஷன் பம்பை, நினைத்தும் பார்க்காதீர்கள். அது சுமார் 3 பார் அழுத்தம், 43 பி.எஸ்.ஐ.க்கு மேல். உங்கள் கார்பரேட்டரில் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி வால்வு தாங்குவது 3 பி.எஸ்.ஐ.க்குள்தான். மிதவையை மூழ்கடித்துப் பெட்ரோல் சூடான புகைக் குழாயின் மேல் வழியும்.

இராயபுரம் பத்மினி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அப்படியானால் வண்டி நிற்பதற்கு என்ன தீர்வு? என் பத்மினியும் பேசின் பாலம் ஏறும்போது இப்படித்தான் நிற்கிறது.

பெரம்பூர் கடைசல் எழுதியது:

பெட்ரோலை பம்பு உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் சீக்கிரம் ஆவியாகும். டேங்க் டிக்கியில், பம்பு எஞ்சினில். வண்டியின் முழு நீளத்துக்கும் உறிஞ்ச வேண்டும். அதுவும் சூடான எஞ்சின் அறைக்குள் வந்து சேர வேண்டும். ஆவி பம்புக்குள் வந்துவிட்டால் பம்பு சும்மா அடித்துக்கொண்டிருக்கும், பெட்ரோல் நகராது.

இதற்கு வரிசையாக நான் செய்வது இது. முதலில் குழாயின் பாதை. புகைக் குழாயிலிருந்து எவ்வளவு தள்ளிக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். பிளாஸ்டிக் ஃபில்டர் எஞ்சின் அறைக்குள் வேண்டாம். உலோக ஃபில்டரை டேங்க் அருகே வையுங்கள். அடுத்து, கார்பரேட்டருக்கும் புகைக் குழாய்க்கும் நடுவே அலுமினியத் தகட்டில் ஒரு வெப்பத் தடுப்பு, கார்பரேட்டரின் அடியில் வெப்பத்தை எளிதில் கடத்தாத பேக்லைட் அட்டைத் தட்டு. பேக்லைட் ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் தடிமனில் கடைந்து கொடுக்கலாம். கார்பரேட்டரைப் பிடிக்கும் பழைய ஸ்டட் (திருகாணி) போதாது, நீளமானது வேண்டும். ஆக்ஸிலேட்டர் கம்பியின் நீளத்தையும் சரிபாருங்கள். கார்பரேட்டர் உயர்ந்தால் ஏர் கிளீனர் பானெட்டில் இடிக்கும். மேலே ஓர் உருண்டை களிமண்ணை வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறந்தால் எவ்வளவு இடம் மிச்சம் என்று அந்த உருண்டையே சொல்லிவிடும்.

இத்தனையும் செய்தும் நின்றால் திரும்பு குழாய். கார்பரேட்டருக்குச் சற்று முன்னால் ஒரு மூன்றுவழி இணைப்பு, அதன் ஒரு கிளையில் ஒரு மில்லிமீட்டர் துளை, அங்கிருந்து டேங்குக்கு ஒரு குழாய். பம்பு எப்போதும் கொஞ்சம் பெட்ரோலைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த பெட்ரோல் ஓடிக்கொண்டே இருப்பதால் ஆவி தங்காது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். திரும்பு குழாய்க்காக டேங்கில் பற்றவைக்கச் சொல்லாதீர்கள். காலி டேங்கு நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. உள்ளே இருப்பது ஆவி. பெட்ரோல் அளவுக் கருவி பொருத்திய மூடித்தகட்டைத் தனியாகக் கழற்றி, அதில் குழாய் முனையைப் பற்றவைத்துத் திரும்பப் பொருத்தலாம். டேங்கைத் தொடவே வேண்டியதில்லை.

கொடுங்கையூர் அம்பாசிடர் எழுதியது:

டேங்க் அருகே குறைந்த அழுத்தத்தில் ஓடும் மின்சாரப் பம்பு வைத்தாலும் இதே பயன் கிடைக்கும், பின்னாலிருந்து தள்ளுவதால். நான் அம்பாசிடரில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்படி ஆயில் அழுத்த சுவிட்ச் வழியாக இணைத்தேன், விபத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் உண்டு. அது இல்லாமல் வைத்தால் வண்டி மோதி நின்றபின்னும் பம்பு பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். தீயணைப்பான் ஒன்று ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மணலி பைப்லைன் எழுதியது:

ஜெட் (கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) பற்றி விட்டுப்போயிற்று. தூய பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று, 20 விழுக்காடு எத்தனால் கலந்ததற்கு சுமார் 13.5. பழைய ஜெட்டிலேயே ஓடினால் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். எரிபொருள் எட்டு ஒன்பது விழுக்காடு கூட வேண்டும், அதாவது துளையின் விட்டம் சுமார் நான்கு விழுக்காடு கூட வேண்டும். ஜெட்டில் 115 என்று இருந்தால் 120. ஊசியால் பெரிதாக்காதீர்கள், எண் பொறித்த ஜெட்டையே வாங்குங்கள். ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

காலடிப்பேட்டை ஹெரால்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செய்தவற்றை எழுதுகிறேன்.

பெட்ரோல் குழாய்கள்தான் முதலில். பழைய குழாயைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். உள்சுவர் செதில் செதிலாக உரிந்திருந்தது. ஆர்9 குழாய் போட்டு, பம்புச் சவ்வையும் மாற்றியாயிற்று. ரேடியேட்டரில் நடுவிலும் இடது ஓரத்திலும் குளிர்ந்த திட்டுகள் தெரிந்தன. பிரித்தபோது மூன்றில் ஒரு பங்கு குழாய்கள் அடைத்திருந்தன. பழைய தொட்டிகளோடு புதிய செம்பு வலைப்பகுதி போடப்பட்டது. பிளாக்கின் பின்பகுதியிலிருந்து வந்த சேற்றை ஒரு சொம்பு நிறைய அள்ளினோம். காற்றுத் தடுப்புத் தகடுகள், விசிறி உறை, தெர்மோஸ்டாட், புதிய 7 பி.எஸ்.ஐ. மூடி எல்லாம் பொருத்தியாகிவிட்டன. டிஸ்ட்ரிபியூட்டரில் பொறி விழும் நேரத்தை முன்தள்ளும் வெற்றிடச் சவ்வு கிழிந்திருந்ததும் தெரிந்தது. பொறி தாமதமாக விழுந்ததும் சூட்டுக்கு ஒரு காரணம் என்று மெக்கானிக் சொன்னார்.

நடுப்பகலில் கன்டெய்னர் வரிசையில் வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன். முள் நடுவுக்குச் சற்று மேலே ஏறி அங்கேயே நின்றது. பொங்கவில்லை. ஆனால் வண்டியை அணைத்து, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் இன்னும் கொஞ்சம் திணறுகிறது. வெப்பத் தடுப்பும் பேக்லைட் தட்டும் இன்னும் வைக்கவில்லை.

ஒரு கேள்வி. இந்த வண்டியை 2021-இல் வந்த பழம்பெரும் வாகன விதிகளின்கீழ் பதிவு செய்தால் இந்த மாற்றங்கள் தடையாகுமா?

கொடுங்கையூர் அம்பாசிடர் எழுதியது:

அந்த விதிகள் முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு. வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சட்டகத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. நீங்கள் செய்தவை எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியவை. கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கி எறியாமல் வையுங்கள். ஆனால் அந்தப் பதிவை எடுத்தால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அம்மாவை ஏற்றிக்கொண்டு நினைத்தபோது போக வேண்டுமென்றால் வழக்கமான பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டிருங்கள். என் அம்பாசிடருக்கு அதைத்தான் செய்கிறேன்.

பெரம்பூர் கடைசல் எழுதியது:

அணைத்தபின் திணறுவது கார்பரேட்டரின் அறையில் இருக்கும் பெட்ரோல் கொதிப்பதால். அணைத்ததும் விசிறியும் தண்ணீரும் நின்றுவிடுகின்றன, புகைக் குழாயின் சூடு முழுவதும் மேலே ஏறுகிறது. இதற்குத் திரும்பு குழாய் உதவாது. பேக்லைட் தட்டும் வெப்பத் தடுப்பும்தான் மருந்து. அவற்றை வைக்கும்வரை, சூடான எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது சோக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதித்தபடி பிடியுங்கள், அடித்து அடித்து மிதிக்காதீர்கள்.

கார்பரேட்டரின் அடிப்பகுதிக் காஸ்கெட்டை ஒரு தாளில் வைத்து வரைந்து கொண்டுவாருங்கள். ஸ்டட்டில் ஒன்றையும் கழற்றி எடுத்துவாருங்கள், மரையின் அளவு பார்க்க வேண்டும். எட்டு மில்லிமீட்டர் பேக்லைட் பலகை என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை பட்டறை திறந்திருக்கும்.